காற்றுக்கு ஏற்ற பெட்ரோல்



மண்தரையிலும் காட்டுப்பாதையிலும் ஓடும் மோட்டார் சைக்கிளின் காற்றுவழியை மாற்றினால், கார்புரேட்டரின் ஜெட்டுகளை எவ்வாறு திருத்தியமைப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். கார்புரேட்டரின் காலம் முடிந்துவிட்டதே என்று சிலர் வினவக்கூடும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய வண்டிகளில் அது ஏறத்தாழ மறைந்துவிட்டது உண்மையே. ஆயினும் 1985 முதல் 1996 வரை வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் போன்ற வண்டிகள் இன்றும் பட்டறை வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இப்பொருளை நாம் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பட்டறையில் பத்தாண்டு உழைத்த தம்பியிடம், "இவ்வண்டிக்கு என்ன ஜெட் போட்டாய்?" என்று கேட்டால், "முதலாளி கொடுத்ததைப் போட்டேன்" என்கிறான். ஸ்பானர் அவன் கையில். எண் முதலாளியின் சட்டைப்பையில். கைராசி என்று சொல்லி மூடிவைக்கப்படும் இவ்வித்தையில் மறைபொருள் ஏதுமில்லை. கூர்ந்து கவனிப்பவர் எவரும் இதைக் கற்கலாம்.

முதலில் அடிப்படையைக் காண்போம். குறுகிய வழியில் விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறையும். இத்தாலி நாட்டு வெஞ்சுரி 1797-இல் வெளியிட்ட நூலில் குறுகலான குழாயில் நீர்மங்கள் ஓடும் பாங்கை ஆராய்ந்தார். கார்புரேட்டரின் குறுகிய தொண்டைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அத்தொண்டையில் குறையும் அழுத்தமே கிண்ணத்திலுள்ள பெட்ரோலை ஜெட்டின் சிறுதுளை வழியே மேலிழுக்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு ஆற்றலும் வெளிப்பட வேண்டுமாயின் காற்று 12.5 அல்லது 13 பங்கு அளவில் இருப்பதே நன்று.

இனி, காற்றுப்பெட்டியின் மூடியைத் துளைத்தாலோ, மூச்சுக்குழாயைக் கழற்றினாலோ என்ன நேரும்? எஞ்சின் எளிதாக மூச்சுவிடும். ஆனால் வடிகட்டியின் பக்கமிருந்த தடை குறைவதால் தொண்டையில் இழுப்பும் தளரும். உள்ளே வரும் காற்றுக்கேற்ற பெட்ரோல் வராது. கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். இருவீச்சு எஞ்சினில் ஆபத்து இரட்டிப்பாகிறது. மசகு எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் வண்டிகளில், பெட்ரோல் குறையும்போது எண்ணெயும் குறைகிறது. முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டால் பின்சக்கரம் அக்கணமே பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவனின் கை கிளட்சில் இல்லையெனில் அவன் மண்ணில் விழுவது உறுதி. சத்தம் கூடிவிட்டது, ஆகவே சக்தியும் கூடிவிட்டது என்று எண்ணும் இளைஞர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று, 2000-ஆம் ஆண்டு முதல் வந்த சுசுகி டி.ஆர்.இசட். 400 எஸ். 398 சி.சி. நால்வீச்சு எஞ்சின், மிக்குனி கார்புரேட்டர். அமெரிக்காவில் இவ்வண்டியை வைத்திருப்போர் காற்றுப்பெட்டியின் மேல்மூடியில் மூன்று அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் உள்ள சதுரத்தை வெட்டியெடுப்பது பெருவழக்கு. அதோடு பெரிய மெயின் ஜெட்டும், உயரம் மாற்றத்தக்க வேறோர் ஊசியும் சேர்த்தே பொருத்துவர். புகைக் கட்டுப்பாட்டுக்காக அந்நாட்டில் கலவைத் திருகின்மேல் பித்தளை மூடி அடித்திருப்பார்கள். அதையும் அகற்ற நேரும். பெட்டியை வெட்டுவது அரைமணி நேர வேலை. ஜெட்டைச் சரிசெய்வது ஒரு நாள் வேலை. பலர் முதலாவதை மட்டும் செய்து நிறுத்திவிடுவதில்தான் கேடு விளைகிறது.

வேலை தொடங்குமுன் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா, கிண்ணத்தில் மிதவையின் மட்டம் சரியா, வடிகட்டி தூய்மையா என்று பாருங்கள். ரப்பர் வெடிப்பால் மெலிந்த கலவையை ஜெட்டால் திருத்த முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

எந்தப் பகுதி எப்போது ஆள்கிறது என்பதை அறிவதே இத்தொழிலின் உயிர்நாடி. ஆக்சிலேட்டரைத் திருகும் அளவை வைத்தே அது அமைகிறது. எஞ்சினின் வேகத்தை வைத்தன்று. மூடிய நிலையிலிருந்து கால்பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் திருகும். கால்பங்கிலிருந்து முக்கால்பங்கு வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். கைப்பிடியில் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடிட்டுக்கொண்டால், குறை எந்த இடத்தில் தோன்றுகிறது என்பது ஐயமின்றித் தெரியும்.

மெயின் ஜெட்டில் தொடங்குங்கள். பெரிதாகப் போட்டு, படிப்படியாகக் குறைத்து வாருங்கள். மிகுந்த பெட்ரோல் பிளக்கைக் கரியாக்கும். குறைந்த பெட்ரோலோ பிஸ்டனையே தின்றுவிடும். கலவை செறிந்திருந்தால் முழுத்திறப்பில் எஞ்சின் தடுமாறிக் கரும்புகை விடும். சூடேறச் சூடேற மோசமாகும். மெலிந்திருந்தால் இழுவை விட்டுவிட்டு வரும். கைப்பிடியை விட்டபின்னும் வேகம் தணியத் தயங்கும். சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கும். ஐயமெனில் ஓடும்போது சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். ஓட்டம் தேறினால் கலவை மெலிவு என்று கொள்க. கம்பெனிக்குக் கம்பெனி எண்கள் ஒன்றல்ல. கெய்ஹின் ஜெட்டில் 120 என்றால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர், மிக்குனியின் அறுமுகத் தலை ஜெட்டிலோ அவ்வெண் பெட்ரோல் ஓடும் அளவைக் குறிப்பது. ஒன்றின் எண்ணை மற்றொன்றில் போட்டுவிட்டு எஞ்சினைக் குறைகூறுதல் தகாது.

அடுத்து ஊசி. கிளிப்பைக் கீழ்ப்பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி உயரும், கலவை செறியும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வோர் பலர். திருகைப் பற்றியும் ஒரு சொல். அது வடிகட்டியின் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு. வெளியே திருப்பினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகு. வெளியே திருப்பினால் செறியும். இரண்டும் நேர்எதிர். இடம் பாராமல் திருப்புவோர்க்கு நாள் முழுதும் போதாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

பிளக்கின் நிறம் பார்ப்பது பழைய வழக்கம். வெள்ளை மெலிவு, கரி செறிவு, இளங்காப்பி நிறம் நலம் என்பர். 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் நின்றபின் அந்நிறம் முன்போல் தெளிவாகத் தெரிவதில்லை. மற்ற அறிகுறிகளோடு சேர்த்தே அதைக் கொள்ள வேண்டும். 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலப்பும் வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அக்கலப்பு எரிய 13.5 பங்கு அளவே காற்று வேண்டும். எனவே பழைய ஜெட் அதே காற்றில் முன்னிலும் மெலிந்த கலவையே தரும். மலையேறினாலோ இதற்கு மாறு. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரிசெய்த வண்டி அங்கே கரும்புகை விட்டால் வியப்பில்லை.

பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்குப் புகையளவும் ஒலியளவும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. இவ்வேலை பந்தயத்திடலுக்கு உரியது என்பதை வண்டிக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி, நாள், ஊர், மெயின் ஜெட், பைலட் ஜெட், கிளிப் இருந்த பள்ளம், திருகு எத்தனை சுற்று என்று எழுதுங்கள். அந்த எண்கள் இனி உங்கள் சட்டைப்பையிலும் இருக்கட்டும். கழற்றிய பழைய ஜெட்டைச் சிறு தாளில் பொதிந்து, எண்ணை மேலே எழுதி, வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். காற்றுப்பெட்டிக்குப் புது மூடி போடும் நாளில் அவர் அதைத் தேடி வருவார்.