மலைக்காற்று மட்டும் போதாது: காசநோய்க்கெதிரான அறப்பணியின் வரலாறு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



 

இவ்வாண்டு எங்கள் குழுவின் வரவு செலவை மட்டும் வாசித்துவிட்டு அமர்ந்துவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். கணக்கு அச்சாகி உங்கள் கைகளில் இருக்கிறது. ஆனால் பைத்துல்மாலிலிருந்து காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்க வேண்டும் என்று நாங்கள் வைத்த கோரிக்கை சென்ற கூட்டத்தில் ஒத்திவைக்கப்பட்டதை அறிவீர்கள். "அரசாங்கமே மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறதே, நாம் எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு எங்களிடம் சரியான விடை இல்லை. அதைத் தேடிப் போனபோது, இந்நோய்க்கெதிராக நம் நாட்டில் நடந்த அறப்பணியின் வரலாறே கிடைத்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம்.

நாம் கொல்லிமலையின் அடிவாரத்தில் வாழ்பவர்கள். மலையிலிருந்து இறங்கும் மிளகையும் காப்பியையும் பலாவையும் அன்னாசியையும் வாங்கி விற்றுப் பிழைப்பவர்கள் நம்மில் பலர். கொல்லிமலைக் காற்றும் மூலிகையும் நெஞ்சு நோயைத் தீர்க்கும் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் காக், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டதாக 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். ஆனால் அக்கிருமியைக் கொல்லும் முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் மருத்துவர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே. அவற்றை ஓரிடத்தில் கூட்டித் தருவதற்காக எழுந்தவையே சானடோரியங்கள்.

தென்னிந்தியாவில் அப்பணியைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் அறப்பணியாளர்களே. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில், கிறித்தவ மிஷன்கள் பல ஒன்றுகூடி ஒரு சானடோரியத்தை நிறுவின. அந்த இடத்திற்கு ஆரோக்கியவரம் என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் பிரிமோட் மோலர் அதை நடத்தினார். ஒவ்வொரு மிஷனும் தனித்தனியே சிறு மருத்துவமனை கட்டிக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறோம். ஒரே தெருவில் மூன்று அமைப்புகள் மூன்று இலவசக் கண் மருத்துவ முகாம்களை நடத்தும் நம் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் தாம்பரம் சானடோரியம் என்றொரு இரயில் நிலையம் இருப்பது பயணம் செய்தோருக்குத் தெரியும். அப்பெயருக்குக் காரணமானவர் டாக்டர் சவுரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளின் மேல் சானடோரியம் நடத்திய தமிழர் அவர். ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜன் 1917இல் காசநோய் என்று கருதப்பட்டு அவரிடம் சிகிச்சை பெற்றார். அதே சவுரி முத்து தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்தில் தம் சொந்த முயற்சியில் சானடோரியத்தைத் தொடங்கினார். அப்போது அதில் இருந்தவை 12 படுக்கைகள். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது பெரிய அரசு நெஞ்சக மருத்துவமனையாக விளங்குகிறது.

1939இல் இந்தியக் காசநோய்ச் சங்கம் உருவாயிற்று. அன்றைய வைசிராயின் மனைவி லின்லித்கோ சீமாட்டி நாடெங்கும் திரட்டிய நிதியே அதற்கு அடித்தளம். 1950 முதல் அச்சங்கம் காசநோய் முத்திரை வில்லைகளை விற்று நிதி சேர்த்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கொடுத்த அந்த வில்லையைச் சில்லறைக் காசுக்கு வாங்கிப் புத்தகத்தில் ஒட்டிய நினைவு நம்மில் மூத்தோருக்கு இருக்கும். அது எதற்கென்று அன்றைக்கு நமக்குத் தெரியாது. இந்த வழக்கம் 1904இல் டென்மார்க்கின் அஞ்சல் ஊழியர் ஒருவரின் யோசனையிலிருந்து பிறந்தது. செல்வந்தர் ஒருவரின் பெருங்கொடைக்குக் காத்திராமல் ஆயிரமாயிரம் பேரிடம் காசுகளைச் சேர்க்கும் முறை அது. நம் ஜும்ஆ நாள் உண்டியலும் அவ்வாறுதானே நிரம்புகிறது!

இத்தனை முயற்சிகளுக்குப் பின்னும், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சானடோரியப் படுக்கைகள் ஒன்றுமில்லை. இந்த முட்டுச்சந்திலிருந்து உலகத்திற்கு வழிகாட்டிய ஊர் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் அதற்குத் துணைநின்றன. சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை அங்கே இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைக்கப்பட்டனர். மறு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலேயே, கிடைத்ததை உண்டு, இயன்ற வேலையைச் செய்துகொண்டு இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தோரும் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறக்குறைய இணையாகவே குணமடைந்தனர். வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததனால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

அந்த நாளோடு சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கிற்று. மலைக்காற்று கட்டாயமில்லை என்று ஆயிற்று. நம் தலைக்கு மேலேயே அதற்குச் சான்றும் இருக்கிறது. மலைக்காற்று மட்டுமே மருந்தென்றால் கொல்லிமலையில் பிறந்து வளர்ந்த மலைவாழ் மக்களுக்குக் காசம் வந்திருக்கக் கூடாதல்லவா?

மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதை மாதக்கணக்கில் விடாமல் உட்கொள்ளச் செய்வது யார்? அறப்பணி அடுத்துச் சென்ற இடம் இதுவே. 1999இல் சென்னையில் ரீச் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது புதிதாக மருத்துவமனை கட்டவில்லை. தனியார் மருத்துவரிடம் செல்லும் நோயாளிகளை அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டத்தோடு இணைப்பதும், சிகிச்சை முடியும்வரை உடனிருந்து துணைசெய்வதும், குணமடைந்தவர்களையே பயிற்றுவித்துப் பிறருக்காகப் பேச வைப்பதும் அதன் பணிகள். வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றாது. திறப்பு விழாக் கல்வெட்டு வைக்கவும் இடமில்லை.

நம் மலையிலும் இத்தகைய பணிக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவருடைய மனைவி எவலினும் கொல்லிமலையில் குடியேறினர். சாலையே இல்லாத காலம். நரம்புச்சிலந்தி நோயை எதிர்த்து அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். 1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலில் இறந்தார். எவலின் அம்மையார் பின்னாளில் மீண்டும் மலைக்கு வந்து, முதுமையிலும் மட்டக்குதிரையில் மலைமலையாகச் சென்று பணிசெய்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார். அவர்களின் மதம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆயினும் நோயாளி நம்மிடம் வரும்வரை காத்திராமல் நாம் அவரிடம் செல்ல வேண்டும் என்பதை அவர்களிடமிருந்து கற்பதில் நமக்குக் குறைவில்லை என்றே கருதுகிறோம்.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். எங்களில் ஒருவரின் கடைக்கு மிளகு கொண்டுவரும் மலைவாசி முதியவர் ஒருவர், மூன்று மாதம் இருமலுக்குக் கடையில் மருந்துத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை அவரும் அறியார், தராசின் முன் நின்ற நாங்களும் அறியோம். பிறகு நோய் கண்டறியப்பட்டு இலவச மாத்திரை கிடைத்தது. ஒரு மாதத்தில் உடல் தேறியதும் நிறுத்திவிட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போய்விடும் என்பதே அவர் சொன்ன காரணம். மறுபடி படுத்தார். மறுபடி தொடங்கி, ஆறு மாதமும் முடித்து இப்போது நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்குள் அவருடைய மருமகளுக்கும் நோய் கண்டுவிட்டது. மாத்திரைக்கு விலையில்லை என்பது உண்மையே. மற்ற எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது.

உணவைப் பற்றி ஓர் ஐயம் எழலாம். எளிய உணவு உண்டோரும் குணமடைந்தனர் என்று சென்னை ஆய்வு காட்டியதே, பிறகு எதற்கு அரிசியும் பருப்பும்? இதற்கு விடை 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில் இருக்கிறது. அங்கே 2,800 நோயாளிகளின் குடும்பங்களைப் பல மாதங்கள் கவனித்தனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கொடுத்தனர். ஒரு பகுதிக் குடும்பங்களில், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தனர். அவ்வீடுகளில் புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. தொடக்க மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைந்திருந்தது. ஆக, கிருமியைக் கொல்வது மருந்து. மெலிந்த உடலை அது வீழ்த்தாமல் காப்பது உணவு. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நம் மாநில அரசும் 2022 முதல், நோயாளி எவ்வளவு மெலிந்திருக்கிறார், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பன போன்ற எளிய அடையாளங்களைக் கொண்டே ஆபத்தானவர்களை முதலிலேயே பிரித்து மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தை நடத்திவருகிறது. நோயாளியின் உணவுக்கென மத்திய அரசு 2018இல் மாதம் 500 ரூபாய் வழங்கத் தொடங்கி, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. அது நோயாளி ஒருவருக்கு. குடும்பத்தின் பானைக்கு அது எம்மாத்திரம்?

நம் மஹல்லாவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெண்ணின் நிகாஹ் தடைபடும் என்று அஞ்சி நோயை மறைத்த குடும்பம் நம்மிடையே உண்டு. நோன்புக் கஞ்சிக்கு அமர்ந்தபோது ஒருவரின் கோப்பையை மட்டும் ஓரமாக ஒதுக்கிவைத்ததை நாங்கள் கண்டோம். அன்று வாய் திறக்காமல் இருந்தது எங்கள் தவறு. இந்நோய் காற்றின் வழியே பரவுவது. கோப்பையாலும் தட்டாலும் பரவுவதன்று. ஒழுங்காகச் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் பிறருக்குத் தொற்றும் தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ரமலானில் நோன்பிற்காக மாத்திரையை நிறுத்துவோரும் உள்ளனர். நோயாளிக்கு மார்க்கம் அளித்திருக்கும் சலுகையை இமாம் அவர்கள் ஜும்ஆ பயானில் விளக்கிட வேண்டுகிறோம்.

எங்கள் கோரிக்கை இதுவே. முதற்கட்டமாகப் பத்துக் குடும்பங்களுக்கு, மலைமேலும் அடிவாரத்திலும் மதம் பாராமல், சிகிச்சை முடியும் ஆறு மாதமும் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை வழங்க வேண்டும். பரிசோதனைக்கு இறங்கி வருவோருக்குப் பேருந்துக் கட்டணம் தர வேண்டும். ஸகாத் நிதியை இதில் சேர்க்க வேண்டாம். அதன் பங்குதாரர் யார் என்ற விவாதம் எழாதவாறு ஸதகா நிதியிலிருந்து மட்டுமே செலவிடலாம் என்பது நாங்கள் உலமாக்களைக் கலந்து எடுத்த முடிவு. பெறுவோர் பெயரை ஒலிபெருக்கியிலோ இந்த மலரிலோ வெளியிடமாட்டோம். மிளகு வாங்கும் கடைக்காரர்கள் தராசின் அருகே நின்று இருமுகிறவரிடம் எத்தனை நாளாக இருமல் என்று கேட்க வேண்டும். அதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

சென்ற முறை ஒத்திவைத்த தீர்மானத்தை இப்போது எடுத்துக்கொள்ளுமாறு முத்தவல்லி அவர்களைக் கேட்டு அமர்கிறோம்.