எஞ்சின் மட்டும் போதாது

(பங்காளர் கூடுகையில் மருத்துவமனை வாகனப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



மலைக்கிராம ஊழியத்திற்கு ஓடும் நமது பழைய மகேந்திரா ஜீப்பிற்கு மாற்று எஞ்சின் பொருத்த வேண்டியிருக்கிறது. "எஞ்சின்" என்று குறிப்பிட்டே பலர் காணிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். "எஞ்சின் வந்துவிட்டால் வண்டி ஓடிவிடும் அல்லவா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லவே நிற்கிறேன்.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் கிராமங்களுக்கு வைத்தியம் செய்யப்போனது முதலில் மாட்டுவண்டியில். பிறகு பெஜோ காரில். நம் ஜீப்பின் எஞ்சினும் அதே பிரெஞ்சு நிறுவனத்தின் வடிவமைப்புதான். எக்ஸ்.டி.பி. 4.90 என்பது அதன் பெயர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள்; மொத்தம் 2112 சி.சி.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை இறுக்க இறுக்கப் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. சிலிண்டரும் ரிங்கும் தேய்ந்தால் காற்று கசியும், சூடு போதாது. ஆகவேதான் மலைக்குளிரில், விடியற்காலையில், நம் வண்டி புகைமட்டும் விட்டுக்கொண்டு கிளம்ப மறுக்கிறது. ஜவ்வாது மலை போன்ற இடங்களில் கர்ப்பிணிகளை டோலி கட்டிச் சாலைவரை தூக்கி வருவார்கள். அவர்கள் வந்து சேரும் நேரத்தில் வண்டி நின்றிருக்க வேண்டும். ஏற்கெனவே ரீபோர் செய்த எஞ்சினை மேலும் கடைய இடமில்லை.

பெரிய எஞ்சினாகப் போடலாமே என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். கியர் பாக்ஸ், ஆக்சில், முன் வில்பட்டை, பிரேக் எல்லாம் பழைய சக்திக்கும் எடைக்கும் ஏற்றவை. பலத்தை ஓரிடத்தில் கூட்டினால் முறிவு வேறிடத்தில் வரும். அது மலை வளைவில் வந்தால் என்ன ஆகும்? ஆகவே அதே வகை எஞ்சினையே தேடுகிறோம். வாங்குமுன் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், சூடான பின் ஆயில் பிரஷரையும் மெக்கானிக் பார்ப்பார்.

எஞ்சினை இறக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், மவுண்டிங் ரப்பர், தண்ணீர் ஹோஸ், ஹீட்டர் பிளக் ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். இருபது நாள் கழித்துக் கிளட்ச் போனால் மறுபடியும் பிரித்து, மறுபடியும் கூலி கொடுக்க நேரிடும். ரேடியேட்டரைக் கழுவாவிட்டால் புது எஞ்சினும் ஏற்றத்தில் கொதிக்கும். ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டுமே! பிரேக்கும் ஸ்டியரிங்கும் அவ்விதமே. புதிய எஞ்சின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. எண் ஒத்துப்போகாவிட்டால் இன்சூரன்சிலும் சிக்கல் வரும்.

எஞ்சினுக்கு மனமுவந்து கொடுக்கிறோம். ரப்பர் ஹோசுக்கு என்று ஒருவரும் கவர் போடுவதில்லை. கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் சரீரத்தின் அவயவங்களைப்பற்றிப் பவுல் எழுதுவதை நீங்கள் அறிவீர்கள். கண்ணுக்குத் தெரியாத அவயவம் இல்லாமல் சரீரம் இல்லை. மருத்துவமனையிலும் அப்படியே. புதுக் கருவிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அதைப் பழுதுபார்க்கவும், அதை இயக்குபவரின் சம்பளத்திற்கும் கொடுப்பவர்கள் குறைவு.

ஆகவே அன்பானவர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் காணிக்கையில் "எஞ்சினுக்கு" என்று எழுதாமல், "ஜீப் ஓடுவதற்கு" என்று எழுதுங்கள். மிச்சத்தை எங்கள் மெக்கானிக்கும் கணக்கரும் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இப்பத்திரிகையில் வெளிவரும். இரவில் மலையேறும் நம் ஓட்டுநர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.