மனைச் சட்டம் யாருக்காக?

இந்தத் தெருவில் தனி வீடே இருக்கவேண்டும், அந்தத் தெருவில்தான் கடை என்று பட்டணத்தைப் பங்கு போடுவது அமெரிக்கச் சட்டம். 1926-ல் இதை ஒப்புக்கொண்ட அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, தனி வீடுகளுக்கிடையே எழும் வாடகை மாடிக் கட்டடத்தைப் புல்லுருவி என்றே எழுதிற்று. வாடகை கொடுத்துக் குடியிருப்பவன் புல்லுருவியாம்! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

1962-ல் வர்ஜீனியாவின் பேர்பாக்ஸ் கவுண்டியார் இதைத் தளர்த்தினார்கள். மனைமனையாக அளக்காமல் ஊர் முழுதுக்கும் ஒரே திட்டம். மொத்த ஜனத்தொகைக்கு வரம்பு. அதற்குள் வீடு, மாடி, கடை, தோப்பு கலந்தே கட்டலாம். அந்த விதிப்படி ராபர்ட் சைமன் சுமார் 6,750 ஏக்கரில் ரெஸ்டன் நகரை எழுப்பினார். கட்டடம் கலக்கத்தான் விதி இடங்கொடுத்தது. கறுப்பரும் வெள்ளையரும் அங்கே வீடு வாங்கலாமென்று ஆரம்பத்திலேயே திறந்துவிட்டது சைமனே. அவ்விருவர் மணந்தால் வர்ஜீனியாவில் 1967 வரை குற்றம்!