வரவேண்டிய பணத்தை வாய்விட்டுக் கேட்போம்

(டோபி காட்டில் நடந்த சங்கத்தின் வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரை)





இளைஞர்கள் வியாபாரத்தில் முன்னேறுவது எப்படி என்று பேசும்படி எங்களிடம் கேட்டார்கள். அதைப் பேசத் தகுதியானவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உணவகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் சீருடை, மேசை விரிப்பு, துண்டு கொடுக்கும் சிறிய வியாபாரம் எங்களுடையது. காக்காவும் தம்பியுமாக நடத்துகிறோம். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது. அதைப் பற்றியே பேசுகிறோமே என்றோம். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். சிரித்ததிலிருந்தே அவர்களுக்கும் பாக்கி நிற்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

நாம் கூடியிருக்கும் இந்த டோபி காட்டின் பெயர்க் காரணம் எல்லாருக்கும் தெரியும். இன்று மூன்று எம்ஆர்டி தடங்கள் சந்திக்கும் இந்தப் பக்கத்தில் அன்று ஓர் ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்து, பக்கத்து வெளியில் உலர்த்தினார்கள். பல வீட்டுத் துணியை ஒன்றாகப் போட்டு வெளுத்தாலும் யாருடையது எது என்று சலவைக்காரர் தடுமாறமாட்டார். துணி ஓரத்தில் அழியாத மையில் ஒரு குறி இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் குறியைப் போடாமல் துணியை வாங்கமாட்டார். படித்துப் பட்டயம் வாங்கிய நம் பிள்ளைகள் பலர் பில்லில் எண்கூடப் போடாமல், "காக்கா, மொத்தம் 2,400" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருக்கிறார்கள்.

நம் வாப்பாமார் காலத்து மளிகைக் கடைகளில் 555 புத்தகம் இருந்தது. சட்டைப் பையில் அடங்கும் சிறிய குறிப்புப் புத்தகம். பற்று அதில் ஏறும், சம்பளம் வந்ததும் தீரும். புத்தகம் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. வாங்கியவரும் விற்றவரும் தினமும் முகம் பார்த்தார்கள், ஒரே பள்ளிவாசலில் தொழுதார்கள். இன்று எங்கள் வாடிக்கையாளர் ஒரு கம்பெனி. சரக்கு வேண்டும் என்பவர் செஃப். கையெழுத்துப் போடுபவர் மேலாளர். பணம் அனுப்புபவர் வேறொரு கட்டடத்தில் இருக்கும் கணக்காளர். முதலாளி ஜொகூரில் இருப்பார், அல்லது இருப்பதாகச் சொல்வார்கள். யார் முகத்தைப் பார்ப்பது?

தாமதம் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்காகச் சொல்கிறோம். 10,000 வெள்ளிக்குச் சரக்குக் கொடுத்தோம் என்று வையுங்கள். துணி, தையல், வண்டி எல்லாம் சேர்த்து அடக்கம் 8,500. லாபம் 1,500. அந்தப் பணம் வராமலே போனால், கையைவிட்டுப் போன 8,500-ஐ ஈட்ட அதே லாபத்தில் இன்னும் ஏறக்குறைய 57,000 வெள்ளிக்கு விற்க வேண்டும். ஒரு பில் வராததற்கு ஆறு பில் உழைப்பு. அது வரும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்களா? ஊழியர் சம்பளத்தைச் சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது சட்டம். மத்திய சேமநிதி அடுத்த மாதம் 14-ஆம் தேதியைத் தாண்டக் கூடாது. வாடகைக்காரர் ஒரு நாளும் பொறுக்கமாட்டார். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்தவர் என்றால், வழக்கமான முறையில் பில் போட்ட காலாண்டின் கணக்கிலேயே 9 விழுக்காட்டையும் காட்டிக் கட்ட வேண்டும், கைக்கு வராத பணத்துக்கும் சேர்த்து. (ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாதவர்களுக்குப் பணம் வந்த பிறகு வரி கட்டும் திட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். 12 மாதமாகியும் வராத கடனுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கோரவும் வழியுண்டு.) வந்துவிடும் என்ற உறுதியுள்ள பாக்கி ஜகாத் கணக்கிலும் சேரும். ஆகப் புத்தகத்தில் லாபம், பெட்டியில் ஒன்றுமில்லை.

இனிச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். மற்ற கம்பெனிகள் பில்லின் அடியில் ஒரு வரி அச்சிடுகின்றன: தாமதமானால் மாதத்துக்கு இத்தனை விழுக்காடு வட்டி. நாம் அதை எழுத முடியாது. கடனின் மேல் காலத்துக்காகக் கூடுதல் வாங்குவது நமக்கு விலக்கு. இஸ்லாமிய வங்கிகள் சில, தாமதித்தவரிடம் ஒரு தொகை வாங்கி அதைத் தம் வருமானத்தில் சேர்க்காமல் அறப்பணிக்குக் கொடுத்துவிடுகின்றன. சிறு வியாபாரி அப்படிச் செய்யலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்க வேண்டும். எங்கள் கருத்தில், அதை வசூலிக்க அலையும் நேரத்தில் அசலையே வசூலித்துவிடலாம்.

இதன் பொருள் என்ன? வட்டி வாங்குபவர் காத்திருந்தால் அவருக்குக் கூலி உண்டு. நாம் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் முழுதாக நம் நட்டம். ஆகவே மற்றவர்களைவிட நாம்தான் முன்கூட்டியே எழுத வேண்டும், முன்கூட்டியே கேட்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். "முஸ்லிம் வியாபாரி பெருந்தன்மையானவர், கேட்கமாட்டார்" என்று பெயரெடுத்து வைத்திருக்கிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? சூரா பகராவின் 282-ஆம் வசனம். தவணையுள்ள கடனை எழுதிக்கொள்வதைப் பற்றி, எழுதுபவரைப் பற்றி, சாட்சிகளைப் பற்றி. சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்க வேண்டாம் என்றும் அதிலேயே வருகிறது. எழுதிக் கேட்பது நம்பிக்கையில்லாத்தனம் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

நாங்கள் செய்வதைச் சொல்கிறோம். புதிய வாடிக்கையாளர் என்றால் அக்ராவில் 5.50 வெள்ளி கட்டி அந்தக் கம்பெனியின் விவரத்தை எடுக்கிறோம். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். நாளைக்கு வழக்கு என்றால் பலகையின் மேல் போட முடியாது. கட்டிய முதல் ஒரு வெள்ளி என்று இருக்கும் கம்பெனிகளும் உண்டு. அது குற்றமில்லை, ஆனால் 8,000 வெள்ளிச் சரக்கைக் கடனுக்கு இறக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தைத்த சீருடையை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால் பாதிப் பணம் முன்னால் வராமல் துணியை வெட்டுவதில்லை. சரக்கு இறக்கும்போது டெலிவரி ஆர்டரில் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வாங்குகிறோம். வண்டி ஓட்டும் தம்பிக்கு இதுதான் முதல் பாடம். முத்திரை இல்லாமல் திரும்பி வந்தால் மறுபடியும் போக வேண்டும்.

இன்னொன்று பலரும் கேட்பதில்லை: உங்கள் கம்பெனி மாதத்தில் எந்தத் தேதியில் பணம் அனுப்பும், அதற்கு எந்தத் தேதிக்குள் பில் வர வேண்டும்? பல இடங்களில் மாதம் ஒருமுறைதான் பணம் போகும். 20-ஆம் தேதி எல்லை என்றால் 21-ஆம் தேதி போன பில் அடுத்த மாதம் வரை தூங்கும். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. பணம் கேட்க முதலாளியை அழைப்பதை எப்போதோ விட்டுவிட்டோம். கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவின் பெயரைத் தெரிந்துகொண்டு, நோன்புப் பெருநாளைக்கு ஒரு டப்பா பலகாரம் கொடுத்து, தவணைக்கு ஒரு வாரம் முன்பே "பில் கிடைத்ததா, ஏதும் குறை இருக்கிறதா?" என்று கேட்கிறோம். தவணை முடிந்து சொல்லப்படும் பாதிச் சாக்குகள் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடுகின்றன. பேநவ் வந்த பிறகு "செக் தபாலில் இருக்கிறது" என்ற பழைய சாக்கும் மௌத்தாகிவிட்டது.

இந்த நிலையத்திலிருந்து சிவப்புத் தடத்தில் ஒரு பக்கம் சாமர்செட், மறுபக்கம் சிட்டி ஹால். இரண்டு பக்கமும் ஒரே நிறுத்தத்தில் ராபின்சன்ஸ் கடை இருந்தது: ஹீரன் கட்டடத்தில் ஒன்று, ராஃபிள்ஸ் சிட்டியில் ஒன்று. 1858-இல் தொடங்கிய நிறுவனம். 1972-இல் ராஃபிள்ஸ் பிளேஸ் தீயில் கட்டடமே போனபோதும் மீண்டு வந்தது. 2020 அக்டோபர் 30 அன்று கடைசி இரண்டு கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. கலைப்பதிகாரிகள் வந்தார்கள். பணம் வர வேண்டியிருந்த சரக்குக்காரர்கள் கடன்காரர் வரிசையில் போய் நின்றார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் சரக்குக்காரர் நிலை என்ன என்பதை ஒவ்வொரு வியாபாரியும் அறிந்திருக்க வேண்டும். விற்றால் பணம் என்று கடையில் வைத்த சரக்கு விற்காமல் இருந்தால், பத்திரம் சரியாக இருப்பவர் திரும்பக் கேட்கலாம். விற்று, பணம் அவர்கள் பெட்டிக்குள் போய்விட்டால், பெரும்பாலும் அது வெறும் கடன். அடமானம் பிடித்தவர்களும் சட்டம் முன்னுரிமை தரும் ஊழியர் சம்பளம் முதலியவையும் போக மிஞ்சினால்தான் நமக்கு. பெரிய பெயர், பழைய பெயர் என்பதற்காகத் தவணையைத் தளர்த்தாதீர்கள்.

முடியாதவரையும் மனமில்லாதவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வது அதே பகராவின் 280-ஆம் வசனம். வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கருத்து. எப்படிப் பிரிப்பது? எங்கள் அனுபவத்தில், முடியாதவர் பெரும்பாலும் தொலைபேசியை எடுக்கிறார். கொரோனாக் காலத்தில் ஒரு சிறு உணவகக்காரர் தாமே அழைத்து, மாதம் 200 வெள்ளிதான் முடியும் என்றார். அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். ஒன்றரை ஆண்டில் தீர்த்தார். இன்னோர் இடத்தில், கடை நிரம்பி வழிந்தது, புதுக் கிளையும் திறந்தார்கள், எங்கள் 6,840 வெள்ளி மட்டும் ஏழு மாதமாக வரவில்லை. முதலில் சரக்கை நிறுத்தினோம். பிறகு தேதி குறித்துக் கடிதம் அனுப்பினோம். பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம்.

ஸ்மால் கிளெய்ம்ஸ் என்றதும் நம்மவர்கள் "கோர்ட்டா?" என்று பின்வாங்குகிறார்கள். 1985 முதல் சிங்கப்பூரில் இருக்கும் ஏற்பாடு அது. வழக்கறிஞர் கிடையாது. நாமேதான் பேச வேண்டும். பொருள் விற்றது, சேவை செய்தது போன்ற ஒப்பந்தங்களில் 20,000 வெள்ளி வரையும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்பினால் 30,000 வரையும் கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இந்த இரண்டு ஆண்டுதான் முக்கியம். முகத்தாட்சண்யம் பார்த்துப் பார்த்தே பலருக்கு அது முடிந்துவிடுகிறது. கைமாற்றாகக் கொடுத்த கடனை அங்கே கேட்க முடியாது. நாங்கள் இணையத்தில் மனுப் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் உள்ள டெலிவரி ஆர்டர்களை இணைத்தோம். முதலில் சமரசப் பேச்சு. அங்கேயே ஆறு தவணைக்கு ஒப்பினார்கள், அதுவே உத்தரவானது. ஐந்து தவணை சரியாக வந்தது, ஆறாவது ஒரு வாரம் பிந்தியது. அந்த உணவகம் இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறது, முன்பணம் கட்டி.

படம் எடுக்கும், வடிவமைக்கும், டியூஷன் சொல்லும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். சுயதொழில் செய்பவர்களின் பணத் தகராறுக்கு டாடெம் என்னும் முத்தரப்பு அமைப்பில் சமரச உதவி கிடைக்கும். கட்டுமானத் துணைக்குத்தகை எடுக்கும் சகோதரர்களுக்குத் தனிச் சட்டமே 2005 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. "எனக்கு மேலிருந்து வந்தால்தான் உனக்கு" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அங்கே அது செல்லாது.

மேலே சொன்னதெல்லாம் வெளியாருக்கு. நம்மவர்களிடம்தான் நாக்கு எழுவதில்லை. மச்சான் கடைக்குப் பில் போடலாமா? சங்கத்தில் பக்கத்தில் உட்காருபவரிடம் தவணையைச் சொல்லலாமா? போடுங்கள், சொல்லுங்கள். பில் இல்லாத பாக்கியால் ஜமாஅத்துக்கே வராமல் போன இருவரை நமக்குத் தெரியும், பெயர் வேண்டாம். தர வேண்டியவர் நாமாக இருந்தால்? எங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் தையல்காரருக்கு எங்கள் வாடிக்கையாளரின் தாமதத்தைக் காரணம் சொல்வதில்லை. அவர் எங்களுக்குத்தான் தைத்தார், அந்த உணவகத்துக்கு அல்ல.

கடைசியாக வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் உறவில் ஒரு சாச்சா கடை வைத்திருந்தார். திடீரென மௌத்தானார். சாச்சியும் பிள்ளைகளும் மேசையைத் திறந்தால் ஐந்தாறு 555 புத்தகங்கள். "மூன்றாம் மாடி அக்கா", "மஞ்சள் லாரி", "மீன்கடைக்காரர் தம்பி" என்று பெயர்கள், பக்கத்தில் தொகை, தேதி இல்லை. சாச்சாவுக்கு அத்தனை முகமும் தெரிந்திருந்தது. சாச்சிக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் தர வேண்டியதைக் கேட்டு மட்டும் நாற்பதாம் நாளுக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வாரிசுப் பங்குக்கு முன் கடனை அடைக்க வேண்டும் என்பது மார்க்கம், அதைப் பிள்ளைகள் செய்தார்கள். மஞ்சள் லாரிக்காரர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. எனவே மாதக் கடைசியில் யார் தர வேண்டும், யாருக்குத் தர வேண்டும் என்று ஒரு பக்கம் அச்சடித்து வீட்டில் கொடுத்துவிடுகிறோம். எங்கள் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "இவர் போன மாதமும் இதே தொகைதானே?" என்று கேட்கிறார்கள். கணக்காளரைவிடக் கடுமையான தணிக்கை அது.

நாங்கள் பயன்படுத்தும் பில், டெலிவரி ஆர்டர், தவணைக் கடிதம் மூன்றின் மாதிரியும் வாசலருகே மேசையில் இருக்கிறது. எடுத்துச் சென்று உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அஸருக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கேள்விகளைத் தொழுகைக்குப் பிறகு, தேநீரோடு வைத்துக்கொள்வோம். வஸ்ஸலாம்.