உங்க போன் சொல்றது இருக்கட்டும்

கருப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் இளம் பட்டதாரிகளே,

இருபது வருஷத்துக்கு முன்னால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு பெட்டியும் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையுமாகச் சென்னைக்கு ஏறியவன் நான். அன்றைக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றால் அந்த ரயில்தான். இன்று நிலைமை வேறு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு 2011லேயே சோஹோ வந்துவிட்டது, கங்கைகொண்டானில் எல்காட் பூங்கா நிற்கிறது. அதனால் வேலை தேடுவது பற்றி நான் பேசப்போவதில்லை. வேலைக்குப் போன பிறகு உங்கள் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நெல்லை ஜங்ஷன் பக்கம் டீ குடித்தேன். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்பிவிட்டு, பச்சை டிக் விழுந்த திரையைக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "உங்க போன் சொல்றது இருக்கட்டும் தம்பி, எம் பெட்டி சொல்லட்டும்" என்றார். கல்லாப் பக்கம் இருந்த சின்ன ஸ்பீக்கர் ஒரு நொடி கழித்துப் பேசியது. பிறகுதான் தலையசைத்தார்.

அந்தப் பெட்டிக்குள் தனி சிம் இருக்கிறது. பணம் வந்த தகவல் அதற்குச் சர்வரிலிருந்து நேராக வருகிறது. என் திரையில் தெரியும் பச்சை டிக்கை எந்தப் பொடியனும் வரைந்து காட்டலாம். பயன்படுத்துபவர் பக்கத்திலிருந்து வரும் எதையும் நம்பாதே, சர்வரில் சரிபார் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். எனக்கு அது ஏற இரண்டு வருஷமும் மேலாளரிடம் வாங்கிய ஒரு நல்ல திட்டும் தேவைப்பட்டன. டீக்கடை அண்ணாச்சிக்கு ஒரே ஒரு போலி ஸ்கிரீன்ஷாட் போதுமாக இருந்திருக்கும்.

இந்தத் தொழிலுக்குப் போனால் இப்படித்தான் ஆகும். டீயை நிம்மதியாகக் குடிக்க முடியாது. எந்தக் கருவியைப் பார்த்தாலும், இதை ஏன் இப்படிச் செய்தார்கள், எவர் உட்கார்ந்து முடிவு செய்தார் என்று மனசு துருவ ஆரம்பித்துவிடும்.

சில வருஷம் முன்பு அம்மாவைப் பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன், ஏதோ ஒரு அட்டைக்கு விண்ணப்பிக்க. அம்மா ஆதார் எண்ணை வாசித்தாள். 69 என்பதை 96 என்று சொல்லிவிட்டாள். பையன் அடித்து முடித்ததுமே "எண் தவறு" என்றது திரை. அம்மாவுக்கு ஆச்சரியம். ஆதாரின் 12ஆவது இலக்கம், முன்னால் உள்ள பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்டு ஒட்டிய காவல் இலக்கம். வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதக்காரர் 1969இல் வெளியிட்ட முறை அது. ஒரு இலக்கம் மாறினாலும் பிடிக்கும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும். மனுஷனுக்கு எங்கே நாக்குப் புரளும், எங்கே விரல் தடுமாறும் என்று எங்கோ ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

படிவத்தில் அடுத்த பெட்டி, குடும்பப் பெயர். சிவப்பு நட்சத்திரம். கட்டாயம்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல் உண்டு. இசக்கி, சுடலை, பேச்சி, மாடன் என்று ஊர்த் தெய்வத்தின் பெயரைச் சுமந்துகொண்டு தனியாக நிற்கிற பெயர்கள் நம்முடையவை. வெளிநாடு போன நம் பையன்களை ஆபீஸில் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே அவன் திரும்பிப் பார்க்கிறான், இங்கே அப்பாவுக்குப் புரையேறுகிறது. பிரவுசிங் சென்டர் பையன் இதிலெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவன். அம்மாவின் பெயரையே இரண்டாம் தடவையும் அடித்தான். விண்ணப்பம் போய்விட்டது. "எம்பேரு எதுக்குய்யா ரெண்டு மட்டம்?" என்று அம்மா கேட்டாள்.

அந்த நிரலை நான் எழுதவில்லை. ஆனால் அதே நட்சத்திரத்தை நான் வைத்திருக்கிறேன். சென்னையில் என் முதல் வேலையில் வாடிக்கையாளர் பதிவுப் படிவம் ஒன்று. குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினேன். ஏன் என்றால், பார்த்து எழுதக் கொடுத்த படிவத்தில் அப்படித்தான் இருந்தது. சோதிக்கும்போது "ஜான் ஸ்மித்" என்று தட்டினேன். சோதனை ஜோராகப் போயிற்று. என் பெயரைக்கூட நான் தட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்று, அப்பா பற்றி. காலையில் பேப்பரைப் பிரித்ததும் அவர் முதலில் தேடுவது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று மூன்று அணைகளின் உச்ச அளவும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் காணுமா காணாதா என்ற பேச்சு அந்த நாலு வரியில்தான் தொடங்கும். சின்ன வயதில் எனக்கு அது சலிப்பு. சர்வர்களுக்குக் காவலாக ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்தபோதுதான், நாங்கள் ஆறு திரை வைத்துப் பார்ப்பதும் இதைத்தானே என்று உறைத்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. நான் சென்னையில் இருந்தேன். வீட்டு எண் கிடைக்கவே இல்லை. நெட்வொர்க் கோளாறு, சரியாகிவிடும் என்று நண்பர்கள் தேற்றினார்கள். எனக்குத் தேறவில்லை, கணக்குத்தான் ஓடியது. கரண்ட் போனால் டவரடி பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர். அதற்கு டீசல் வேண்டும், டீசல் கேனைக் கொண்டுபோக ரோடு வேண்டும், ரோடு ஆற்றுக்குள் கிடந்தது. கிளவுட், மேகம் என்றெல்லாம் நாம் பெயர் வைத்திருப்பது கடைசியில் கேன் தூக்கிப் போகிற ஓர் ஆளை நம்பி இருக்கிறது. மூன்றாம் நாள் அப்பா யாரோ ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டார். முதல் வார்த்தை, "ஏல, பாவநாசம் டேம் எவ்வளவுன்னு பாரு, இங்க பேப்பர் வரல."

அதேபோல, 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஊரே எரிச்சல்பட்டது. எனக்கோ அதை அனுப்பியவர் அன்று சாப்பிட்டிருப்பாரா என்றுதான் தோன்றியது. அதுவும் வெள்ளிக்கிழமை வேறு. வாரக் கடைசியில் எதையும் வெளியே விடாதே என்பது எங்கள் வீட்டுச் சாஸ்திரம்.

தம்பி, தங்கைகளே, உங்கள் முதல் வேலையிலும் ஒரு படிவம் கைக்கு வரும். சோதிக்கும்போது ஜான் ஸ்மித்தை விட்டுவிடுங்கள். உங்கள் ஆச்சி பெயரைத் தட்டுங்கள். அது உள்ளே போகவில்லை என்றால் மேலாளர் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். நான் அன்றைக்குச் சொல்லவில்லை.