மலைநாட்டுத் தோட்டங்களில் மனநலம்



சுகாதாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன குடிதண்ணீர், மலசலகூடம், தடுப்பூசி, மருந்துப் போத்தல் முதலியனவே. மனத்துக்கும் சுகமுண்டு, சுகவீனமும் உண்டு என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. பைத்தியம் என்றொரு சொல்லை வைத்திருக்கிறோம். அச்சொல்லுக்கு அப்பாலுள்ளார் அனைவரும் நலமுடையார் என்று கருதிவிடுகிறோம். பல நாளாகத் தூக்கம் கெட்டவன், உணவு செல்லாதவள், கைக்குழந்தையைத் தூக்கவும் மனம் வராமற் சுவரையே பார்த்திருக்கும் இளந்தாய், பேச்சை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வரும் முதியவர், இவர்களெல்லாம் எந்தக் கணக்கிற் சேர்வர்? நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் இத்தகையோரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பழைய வரலாறு ஒன்றிலிருந்து தொடங்குவது நலம். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழுவை ஒழிக்கும் வேலையை மாத்தளைப் பகுதியில் ஆரம்பித்தனர். அதற்கு முன்னர், மலை ஏற மாட்டாமல் இளைத்து, முகம் வெளிறி, பெரட்டுக்குப் பிந்தி வந்த தொழிலாளியைச் சோம்பேறி என்றே துரைமாரும் கங்காணிமாரும் எழுதியும் பேசியும் வந்தனர். பரிசோதித்துப் பார்த்தபோது அவனுடைய குடலிற் புழு இருந்தது. உடலில் இரத்தம் இல்லை. சோம்பல் என்று நினைத்தது நோயாக இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் சில மாதங்களுக்குள் அதே மனிதனுக்கு அதே நோய் திரும்பவும் வந்தது. ஏனெனில் அந்தப் புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே உட்புகுவது. லயங்களுக்கு மலசலகூடம் கட்டிக் கொடுத்தாலன்றி மருந்தினால் நிலையான பயன் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். மலசலகூடங்களுக்குப் பணஞ் செலவிடத் தோட்ட முதலாளிகள் பலர் முன்வரவில்லை. மருந்துக்குச் செலவு சிறிது, கட்டடத்துக்குச் செலவு பெரிது என்பதே காரணம்.

ஒரு நூற்றாண்டுக்கு முந்திய இச்செய்தியை இங்கு எடுத்துக்கூறுவதற்கு நியாயம் உண்டு. இன்றும் தோட்டத்திற் பத்து நாள் தொடர்ந்து வேலைக்கு வராதவனைச் சோம்பேறி என்கிறோம். எரிந்து விழுகின்ற பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்கிறோம். படிப்பில் மனஞ் செல்லாத சிறுவனை உருப்படாதவன் என்கிறோம். மனச்சோர்வு என்பது ஒரு நோய், அதற்கு வைத்தியமும் உண்டு என்று அறிந்தபின்னரும் இவ்வாறே பேசிக்கொண்டிருத்தல் தகுமா? அதுபோலவே, மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு அவர்களை அதே காம்பராவுக்குத் திருப்பி அனுப்புவது மலசலகூடமின்றிப் புழுமருந்து கொடுத்ததற்கு ஒப்பாகும்.

காம்பரா என்றேன். தோட்டத்தைக் காணாத நேயர்களுக்காக அதனைச் சிறிது விளக்க வேண்டும். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொகுதி. பழைய லயங்களில் ஓர் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் யாவரும் அதற்குள்ளேயே உண்டு உறங்க வேண்டும். ஒரு காம்பராவிற் சண்டை நடந்தால் அடுத்த நான்கு காம்பராக்களுக்குக் கேட்கும். ஆனால் மறுநாட் காலையில், ‘என்னம்மா நேற்று?’ என்று கேட்பார் அரியர். கேட்டதைக் கேளாதது போல் இருப்பதே அங்கு நாகரிகமாகிவிட்டது. சுவர் கொடுக்காத மறைவை மௌனத்தால் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது போலும். துயரைச் சொல்லி அழவும் தனி இடமில்லை. சொல்லாமலே உதவி பெறவும் வழியில்லை.

பெண்களின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. அடுப்புவேலை முடித்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையைத் தலையில் மாட்டி மலையேறினால், மாலையிற் கொழுந்து நிறுத்து முடியும்வரை ஓய்வில்லை. ஆண்களில் ஒரு பகுதியார் தங்களுக்குக் குறித்த வேலையை முற்பகலுக்குள் முடித்து வீடு திரும்பிவிடுகின்றனர். அந்தப் பிற்பகலிற் செல்வதற்கு வாசிகசாலையோ விளையாட்டுத் திடலோ இல்லாத தோட்டத்தில், தவறணையும் கசிப்பும் தாமாகவே அவனைத் தேடி வருகின்றன. குடியைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அந்தப் பிற்பகலைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை. இனி, குடும்பக் கடனைத் தீர்க்கத் தாய் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்றுவிட்ட இல்லங்களிற் பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறாள். தொலைபேசித் திரையில் மட்டும் தாயைக் காணும் குழந்தை வகுப்பில் வாய் திறவாமல் இருந்தால், அதற்குப் பெயர் பிடிவாதம் அன்று.

துன்பம் வந்தபோது இம்மக்கள் இதுவரை என்ன செய்தார்கள் என்று நோக்குதல் வேண்டும். ஒருத்தி தன்னை மறந்து கூவினாலும் விழுந்தாலும் கோடாங்கியை அழைத்தார்கள்; உடுக்கடித்து, இரவு முழுதும் லயத்தார் கூடியிருந்து, அவள் வாயிலிருந்து அவளது குறையை வரவழைத்தார்கள். படித்தவர் இதனைக் கேட்டு நகைப்பர். நகைக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் எவரும் செவிசாய்க்காத ஒரு பெண்ணின் சொல்லை அந்த ஓரிரவு ஊரே கேட்டது. மாமியாரைப் பற்றியோ கணவனைப் பற்றியோ அவள் சொல்லத் துணியாததைச் சாமி சொல்லிற்று. தொழிற்சாலைச் சக்கரத்துக்கும் ரோதைமுனி என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்த மக்கள், அச்சத்தையும் கூடியிருந்தே சுமந்தார்கள். மாசி மாதத்துக் காமன் கூத்தும் அத்தகையதே. பகலெல்லாம் கூடை சுமந்த தோட்டம் பல இரவுகள் தன்னை மறந்து விழித்திருக்கும். ஆயினும் நோயாளியைச் சாட்டையால் அடிப்பதும் பட்டினி போடுவதும், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நாட்களைப் பூசையிற் கழிப்பதும் பெருந்தீங்கு. பூசை செய்வோர் செய்யட்டும். மறுநாள் வைத்தியரிடமும் செல்லட்டும்.

ஆனால் வைத்தியரிடம் சென்றால் என்ன நடக்கிறது? ‘நெஞ்சு கனக்குது’, ‘உடம்பெல்லாம் உளையுது’, ‘தலை கிறுகிறுங்குது’ என்று ஒரு தாய் சொல்வாள். மனச்சோர்வு என்ற சொல் அவள் வழக்கில் இல்லை. மனத்தின் நோயை உடம்பின் சொல்லாலேயே அவள் பேசுகிறாள். தமிழறியாத வைத்தியருக்கு அருகில் நிற்கும் சிற்றூழியர் ஒருவர், வரிசையில் நிற்போர் அனைவரும் கேட்க, அதனை மொழிபெயர்க்கிறார். ‘தலைவலி’ என்று முடிந்துவிடுகிறது. இரண்டு பனடோல் மாத்திரையுடன் அவள் மலையேறுகிறாள். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழரே. காலில் ஏற்பட்ட புண்ணைச் சைகையாற் காட்டலாம், நெஞ்சிலுள்ளதைச் சைகையாற் காட்ட முடியாது. ஆகவே மற்றெல்லா வைத்தியத்திலும் மனநல வைத்தியத்துக்கே மொழி முதன்மையான கருவியாகின்றது. இங்கே தமிழ் தெரிந்த தாதியும் உளவளத்துணையாளரும் இருக்க வேண்டும் என்பது சலுகை கோருவதாகாது.

இனி, ஊர்வாழ்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஏற்பட்ட சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் என்று பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இற் பாதி பாதியாகப் பிரித்தனர். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டவன், தம்பி வேறு நாட்டவன் ஆனான். 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலே இப்பிரச்சினை சட்ட அளவிற் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் எங்கே உரியோம் என்று அறியாமல் நாற்பது ஆண்டு கழித்த தலைமுறையினர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற அச்சத்தை எந்த வர்த்தமானி அறிவித்தலாலும் நீக்கிவிட முடியாது.

இதனிலும் சிறியதாகத் தோன்றும் ஒரு செய்தி உண்டு. லயத்துக் காம்பராக்கள் மிகப் பலவற்றுக்குச் சொந்த முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து ஆள்வழியாகக் கைமாறுகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் தவறி வந்ததால் உத்தியோகத்தை இழந்த இளைஞர் பலர். வைத்தியசாலையிலிருந்து அடுத்த முறை வரவேண்டிய நாளைக் குறித்து வரும் கடிதத்தின் கதியும் அதுவே; பிறர் பிரித்துப் பார்க்கக்கூடும் என்ற கூச்சம் வேறு. வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்க்க வேண்டிய தாதி, தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவாள்? ஓர் இலக்கமும் ஒரு தபாற்பெட்டியும் மனநலத்துக்கு மருந்தாகும் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். இருநூறு ஆண்டு வாழ்ந்த மண்ணில் தன் பெயருக்குக் கடிதம் வருதல், தான் ஓர் ஆள் என்பதற்கு அத்தாட்சியன்றோ?

உள்ளூராட்சியிலும் இதே கதைதான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டத்துக்குள் சபைப் பணத்தைத் தாராளமாகச் செலவிட இடங்கொடாதிருந்தது. வாக்களிப்பவர் தோட்டத்திலிருந்தனர், விளக்கும் பாதையும் தோட்ட எல்லையோடு நின்றன. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நடந்த தேர்தலோடு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களிற் புதிய சபைகளும் உருவாகின. முன்னர்க் கூறிய அந்தப் பிற்பகலை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் இப்போது இச்சபைகளுக்கு உண்டு. ஒரு வாசிகசாலை, பெண்கள் கூடியிருக்க ஓர் அறை, பள்ளிக்கூடத்துக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு என்பன பெருஞ்செலவு உடையன அல்ல. பட்டணத்திலுள்ள சிங்கள, முஸ்லிம் அன்பர்களும் அருகிலுள்ள கிராமத்தாரும் இவற்றைப் பயன்படுத்தினால் மேலும் நன்று. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் பருவத்தில் மஸ்கெலியா வீதியில் எல்லாச் சமயத்தாரும் கலந்து நடக்கிறார்கள். எஞ்சிய மாதங்களில் அவர்கள் சந்திக்கும் இடம் சந்தையும் வைத்தியசாலை வரிசையுமே.

அரசாங்கம் மனம் வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உளது. 1995ஆம் ஆண்டளவில் உலகத்திலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களுள் ஒன்று இலங்கையினுடையது. ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. தோட்டங்களும் மரக்கறித் தோட்டங்களும் உள்ள ஊர்களில் நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1984 தொடங்கிப் படிப்படியாகவும், 1995இல் மிகக் கடுமையாகவும், மீண்டும் 2008க்குப் பின்னரும், கொடிய பூச்சிகொல்லி களைகொல்லிகளை அரசாங்கம் தடைசெய்தது. விளைச்சல் குறையவில்லை. தற்கொலை விகிதம் மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கியது. 1995 முதல் 2015 வரையில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் சாவதற்கு உறுதிபூண்டவர் அல்லர்; ஒரு மணி நேரக் கொதிப்பு தணிந்தபின் உயிரோடிருக்க விரும்பியவர்கள். 1998இல், தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பழைய சட்டவிதியும் நீக்கப்பட்டது. ஆதலின் பொலிசுக்கு அஞ்சி நோயாளியை மறைத்து வைக்கத் தேவையில்லை. இன்னும் பல தோட்டங்களில் இச்செய்தி தெரியாதிருப்பது வருந்தத்தக்கது.

மண்சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. தப்பியோர் நெடுநாள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையிற் றங்கியிருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாடெங்கும் மீண்டும் மண் சரிந்தது. அரிசியும் போர்வையும் வந்துசேர்கின்றன. மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் எழுந்து உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு என்ன கொடுப்பது? பாதுகாப்பான இடத்திற் காணியும் வீடும் கொடுத்தலே அவனுக்கு முதல் மருந்து.

நேயர்களே, உங்கள் லயத்தில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேலாக உறங்காமலும் உண்ணாமலும் பேசாமலும் இருந்தால், பிள்ளை பெற்ற தாய் பிள்ளையைப் பாராதிருந்தால், செத்துவிடலாம் என்று எவரேனும் விளையாட்டாகவேனும் சொன்னால், அருகிற் சென்று உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், கேட்டால் போதும். அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மருந்து வகைகளை அப்புறப்படுத்திவிட்டு, தோட்ட மருந்துசாலைக்கோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ, அரசாங்க வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. வைத்தியசாலையில் உங்கள் சொல்லைத் தமிழில் விளங்கிக்கொள்பவர் ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள்; இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுத்திற் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் அடியில் உங்கள் பெயரோடு காம்பரா இலக்கத்தையும் எழுதுங்கள்.