ஒரு சக்கரத்துக்கு ஒரு திங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கியத்தில் தேர்களுக்குப் பஞ்சமில்லை. பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையைச் சிறு பிள்ளையும் சொல்லும். மன்னர்கள் இரவலருக்குத் தேர் வழங்கினார்கள். வினைமுடித்த தலைவன் தேரேறி வீடு திரும்பினான். ஆனால், அந்தத் தேர்களைச் செய்தவன் யார்? கொடுத்தவன் பெயர் நிலைத்தது. ஏறியவன் புகழ் நிலைத்தது. செய்தவன் பெயர் பட்டறை மரத்தூளோடு போயிற்று.

இதற்கு ஓர் அருமையான விலக்கு உண்டு. புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார் அதியமானைப் புகழ்கிறார். பகைவரைப் பார்த்து, களத்துக்கு வராதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, தம் தலைவனுக்கு ஓர் உவமை சொல்கிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுவதும் பாடுபட்டு ஒரேயொரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்கும்? அப்படிப்பட்டவன் எங்கள் வீரன் என்கிறார். புலியையும் யானையையும் தேடிப் போகாமல், பட்டறையில் கிடக்கும் ஒரு சக்கரத்தை உவமையாக எடுத்தாரே, அதுதான் வியப்பு.

இந்தப் பாடலை வகுப்பில் பல தடவை விளக்கியிருக்கிறேன். "ஒரு சக்கரத்துக்கு எதற்காக ஒரு மாதம்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்காமல் விடுவதில்லை. அந்தக் கேள்விக்கு நேரான விடையை அண்மையில் நான் கண்ட இடம் நூலகமல்ல. எங்கள் புத்தளம் மாவட்டக் கரையில், உடப்புக்கும் முந்தலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், ஒரு வீட்டுப் பின்வளவில், கிடுகுக் கூரையின் கீழ் இருக்கும் சிறு பட்டறை அது.

அது என்னிடம் படித்த ஓர் இளைஞனின் பட்டறை. உயர்தரம் எழுதிவிட்டு, படகு எஞ்சின் திருத்தும் தன் மாமாவிடம் வேலை பழகுகிறான். தகப்பனார் கரைவலைத் தொழிலாளி. வேலை ஓய்ந்த மாலைகளில் அவன் கட்டிக்கொண்டிருப்பது ஒரு பந்தய வண்டி. ஒருவர் மாத்திரம் அமரக்கூடிய, பழைய காலத்துப் பாணியிலான சின்னஞ்சிறு பந்தயக் கார்.

இத்தகைய வண்டிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பந்தயக் கார் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களை ஒட்டிச் சட்டம் அமைத்து, புல்வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினைப் பொருத்தி, தரையோடு தரையாக ஓடும் வண்டியொன்றை உருவாக்கினார். கார்ட் எனப்படும் வண்டிகளின் முதல் வண்டி அதுவே. பெருஞ்செல்வர்களின் விளையாட்டாக இருந்த பந்தயத்தை அது வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது. 1990களில் அதே கலிபோர்னியாவில் ஸ்டீவன்சன் குடும்பத்தார் இன்னொரு வழியைத் திறந்தார்கள். 1920களிலும் 1930களிலும் ஓடிய பந்தயக் கார்களின் சாயலில், மோட்டார் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டிச் சிறு வண்டிகளைக் கையால் கட்டினார்கள். சைக்கிள் கார்ட் என்று அதற்குப் பெயர். 17 அங்குலச் சக்கரங்கள், ஆறரைக் குதிரைவலு எஞ்சின், ஏறத்தாழ 110 கிலோ எடை. இவ்வளவுதான் அதன் இலக்கணம்.

இந்த இலக்கணத்தைக் கேட்டதும் எங்கள் கரையோர மக்களுக்குச் சிரிப்பு வரும். 17 அங்குலச் சக்கரம் என்பது ஊருக்கு ஊர் ஓடும் பழைய ஹொண்டா ஐம்பதின் சக்கரந்தானே! ஆறரைக் குதிரைவலு எஞ்சின் என்பது கற்பிட்டித் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் இறைக்கிற எஞ்சின்தானே! வண்டியின் உடலுக்கு வேண்டிய பைபர் வேலையோ, மீன்பிடிப் படகுகளைத் திருத்தும் ஒவ்வோர் ஊரிலும் தெரிந்த வேலை. கலிபோர்னியாவில் தேடி வாங்கும் சாமான் எல்லாம் எங்கள் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது.

அவன் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது பிரான்சில் 1924இல் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கிய புகாட்டி 35 என்ற கார். படகு போலக் கூம்பிய வால்; முன்னால் குதிரை லாட வடிவில் ஒரு முகம். படத்தைப் பார்த்துப் பார்த்து, பட்டறையின் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் முழு அளவில் வரைந்திருந்தான். முன்சக்கரங்கள் திரும்பும் முறையையும் அந்தத் தரையிலேயே காட்டினான். வளைவில் உட்பக்கச் சக்கரம் சற்றுக் கூடுதலாகத் திரும்பவேண்டுமாம். ஏனென்றால் அது ஓடுகிற வட்டம் சிறியது. அதற்காகச் சக்கரத்தைத் திருப்பும் கைகளைச் சரிவாக அமைத்து, அவற்றின் நேர்கோடுகள் பின்னச்சின் நடுவில் சந்திக்கும்படி வரையவேண்டும் என்றான். முன்னேஸ்வரத் தேர்த்திருவிழாவை நினைத்துக்கொண்டேன். கோயில் தேருக்குத் திருப்பும் கருவி கிடையாது. சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டை போடுகிறவரின் கணக்கிலேதான் அவ்வளவு பெரிய தேர் வீதியில் திரும்புகிறது. இவனுடைய வெண்கட்டிக் கோடும் அந்த முட்டுக்கட்டையும் ஒரே அறிவின் இரண்டு வடிவங்கள்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். கரைவலைக்கு வேலை இராது. அப்படியொரு மாதத்தில், வற்றிக் காய்ந்த களப்போரத் தரையில் வண்டியை முதன்முறை ஓட்டிப் பார்த்தார்கள். பதிவில்லாத வண்டியைப் பொதுத் தெருவில் ஓட்டக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும். தலைக்கவசம் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் ஓட்டினான். நேர்த்தரையில் வண்டி அழகாகப் போயிற்று. மூன்றாவது வளைவில் முன்சக்கரம் ஒன்று பப்படம் போல நெளிந்துவிட்டது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் முழுவதும் அவன் வேறு எதையும் தொடவில்லை. அந்தச் சக்கரத்தோடே இருந்தான். காரணம் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் சென்றது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்கிறது. சாய்வதனால் பாரம் சக்கரத்தின் உயரத்தோடு நேராக இறங்குகிறது. கம்பிகள் அதைத் தாங்குகின்றன. நான்கு சக்கர வண்டி சாய்வதில்லை. எனவே வளைவில் முழுவிசையும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சைக்கிள் கம்பி அந்தத் தள்ளலுக்காகச் செய்யப்பட்டதன்று. இன்னொன்றும் உண்டு. மோட்டார் சைக்கிளில் அச்சை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறார்கள். இவனுடைய வண்டியிலோ ஒருபக்கம் மாத்திரமே பிடி, மறுபக்கம் வெறுங்காற்று. ஆகவே அச்சு தடிக்கவேண்டும், நடுக்குடம் அகலவேண்டும், கம்பியும் தடிக்கவேண்டும். சிலாபத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மூன்று முறை போய்வந்தான். 36 கம்பிகளையும் கழற்றிக் கோத்தான். சுற்றிவிட்டுப் பார்த்தான், கோட்டம் எடுத்தான், மறுபடி கழற்றினான். உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும் ஊர் எங்களுடையது. ஒவ்வோர் இரவும் கம்பிகளுக்கு எண்ணெய் துடைத்துவிட்டுத்தான் படுத்தான்.

இந்த நாட்களில்தான் தகப்பனார் என்னைத் தேடி வந்தார்.

"சேர், ஏறி ஊருக்குப் போகவும் ஏலாது, விக்கவும் ஏலாது. இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு பாடு? நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பான். வெளிநாட்டுக்குப் போற வழியைப் பாக்கட்டும்."

அவர் பேச்சில் நியாயம் உண்டு. கடல் தரும் வருமானத்தில் நிச்சயமில்லாத வீடு அது. மகன் அனுப்பும் பணத்தில் கூரை போட்ட வீடுகள் அவர் ஒழுங்கையிலேயே நான்கைந்து நிற்கின்றன. ஒரு மனிதரின் கவலைக்கு நான் சங்கப் பாட்டைப் பதிலாகச் சொல்ல முடியுமா? "அண்ணன், அந்தச் சக்கரம் முடியும்வரை பொறுங்க. பிறகு நானே கதைக்கிறன்" என்று மாத்திரம் சொல்லி அனுப்பினேன்.

நேயர்களே, கையால் செய்கிறவனை, படிப்பு ஓடாதவன் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர்கள் சிலவற்றைப் பாருங்கள். கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டித்தான் தொழில் கற்றார். அதே ஊரைச் சேர்ந்த கரிவர்தன், 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. அவ்வகைக் காரில் பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். கோயம்புத்தூரில் பந்தயத்திடல் ஒன்று இன்றும் கரிவர்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் நாட்டில் ரே விஜேவர்தன இருந்தார், 2010இல் மறைந்தார். நாம் லான்ட்மாஸ்டர் என்று அழைக்கும் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் வடிவமைப்பில் பெயர் பெற்றவர் அவர். சிறு விமானங்களையும் தாமே கட்டிப் பறந்தவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். கையில் கிறீஸ் படிந்ததால் அவருடைய கல்வி குறைந்துவிடவில்லை.

இன்னும் அண்மையில் பார்ப்போம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டும் இந்த நாட்டின் பழைய வண்டிகளை ஓடவைத்தவர்கள் யார்? 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது, உள்ளதை வைத்து எஞ்சினை இயக்கத் தெரிந்தவனின் வாசலில்தான் ஊர் நின்றது. அதை இவ்வளவு விரைவில் மறக்கலாமா?

யந்திரத்தை நான் கண்மூடிப் போற்றுகிறேன் என்று எண்ணவேண்டாம். உடப்புக் கரையில் வலையிழுக்கும்போது பாடிய அம்பாப் பாடல்கள் தமிழின் செல்வம். இன்று பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை வலையை இழுக்கிறது. அது பாடுவதில்லை. இழுத்த தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. கூடவே பாட்டும் ஓய்ந்து வருகிறது. அந்த இழப்பு எனக்கு நோகிறது. ஆனால், கைத்தொழிலிலிருந்து சொல் பிறக்கும் என்பதற்கும் அம்பாப் பாடலே சாட்சி. அப்படியானால் இந்தப் பட்டறைகளிலிருந்தும் நமக்குச் சொல் வரவேண்டும் அல்லவா?

வந்திருக்கிறது. அவன் ஓர் அப்பியாசக் கொப்பியில் வேலையைக் குறித்து வைத்திருக்கிறான். வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் நின்றுவிடும் பிள்ளை அவன். கொப்பியிலோ, சக்கரம் ஏன் நெளிந்தது, எந்தக் கம்பி முதலில் தளர்ந்தது, இரண்டாம் முறை என்ன மாற்றினான் என்று பதினொரு பக்கம் எழுதியிருக்கிறான். எஞ்சின், செயின், பெயாரிங் என்று சொற்கள் கலந்துதான் இருக்கின்றன. ஆனாலும் ஒரு வாக்கியத்திலும் மயக்கமில்லை. தெரிந்ததை மாத்திரம், தெரிந்த அளவில், அடுத்தவனுக்கு விளங்கும்படி சொல்கிறான். நல்ல உரைநடைக்கு இதைவிட வேறு இலக்கணம் நான் கற்றதில்லை.

சக்கரம் முடிந்தது. வண்டி அந்த வளைவை இப்போது தாங்குகிறது. கரைவலைச் சம்மாட்டி ஒருவர், வலையிழுக்கும் உருளையின் அச்சு அடிக்கடி வளைகிறதே என்று அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருபக்கம் மாத்திரம் பிடித்த அச்சு என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மறுபக்கத்துக்கும் ஒரு பிடி வைத்துக் கொடுத்தான். கூலியை வாங்கித் தகப்பனாரிடம் கொடுத்தானாம். தகப்பனார் இன்னும் வெளிநாட்டுக் கதையை விட்டுவிடவில்லை. சொன்னபடி நான் அவனோடு கதைத்தேன். போவதாயிருந்தால் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு, தொழிலாளியாகத் தலைநிமிர்ந்து போ என்றேன். விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான்.

எட்டுத் தேர் செய்யும் வேகம் பிழைப்புக்கு வேண்டும். ஆனால் அந்தத் தச்சனை ஔவையார் நினைத்தது எட்டுத் தேருக்காக அல்ல. அவசரமில்லாமல், யாரும் கேட்காமல், சரியாக வரும்வரை அவன் விடாமல் செய்த அந்த ஒன்றுக்காக. உங்கள் வீட்டுப் பின்வளவிலும் இப்படி ஒரு பிள்ளை எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கலாம். அவனிடம், இதனால் என்ன வருமானம் என்று கேட்கும் முன்னர், இது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் தமிழையும் கவனமாகக் கேளுங்கள்.